கணக்கில் வராத காற்று

நியூட்ரலில் நிற்கும்போதே
யாரோ மிதிப்பது போல உறுமுகிறது.
செல்லாண்டி குனிந்து என் காலைப் பார்த்தான்.
செருப்பு கீழே, கால் சீட்டின் மேலே.
"நீங்க இல்லண்ணே" என்றான்,
ஜாமீன் கொடுப்பவன் மாதிரி.

ராணுவம் கழித்துப்போட்ட ஜிப்ஸி.
ஏலத்தில் எடுத்தது, ஏலத்துக்கே உழைக்கிறது.
வெள்ளை அடித்து ஒன்பது வருஷம் ஆகியும்
கதவிடுக்கில் பச்சை இன்னும் டூட்டியில் இருக்கிறது.
பின்னால் பத்து எடைக்கற்கள், ஒவ்வொன்றும் இருபது கிலோ.
மலைமேல் ஏலக்காய் ஸ்டோர்களின் தராசுகள்
பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு.

கம்பத்தில் மூன்று பேர் பார்த்தார்கள்.
முதலாமவர் ஆக்சிலேட்டர் கேபிளுக்கு எண்ணெய் விட்டார்.
இரண்டாமவர் திராட்டிலைக் கழற்றிக் கழுவி
கறுத்த தண்ணீரை மக்கில் பிடித்து
என்னிடமே காட்டினார், நான் குடித்து வளர்த்த நோய் போல.
மூன்றாமவர் சென்சார் என்றார். ஆறாயிரத்து ஐநூறு.
மாட்டிய அன்று சாயங்காலம்
எண்ணூறில் நிற்க வேண்டிய முள்
ஆயிரத்து எண்ணூறில் நின்றது, அவர் மீட்டரிலேயே.
"மலை ஏறினா சரியாயிரும்" என்றார்.

மலை ஏறினோம். சரியாகவில்லை.
கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் காக்கி கேட்டார்:
"எதுக்குய்யா இவ்வளவு அவசரம்?"
நிற்கிற வண்டியைப் பார்த்துக் கேட்டார்.

எல்லை தாண்டி நூறடியில் ஷைனியின் பட்டறை.
போனெட்டைத் தூக்கியவள் எதையும் தொடவில்லை.
பக்கத்து டீக்கடை ரேடியோவை
ஒரு கையசைப்பில் நிறுத்தினாள்.
பிறகு கேட்டாள்: "பிரேக்கு எப்படி உண்டு?"

நான் வந்தது சத்தத்துக்கு.
"கொஞ்சம் கட்டியா இருக்கு" என்றேன்,
"வயசானது வண்டிக்கா காலுக்கான்னு தெரியல."
அவள் சிரிக்கவில்லை.

பிளையர் வாயில் துணியைச் சுற்றி
ஒவ்வொரு குழாயாக நசுக்கினாள்.
மெல்லிசு ஒன்று: உறுமல்.
இன்னொன்று: அதே உறுமல்.
பிரேக் பூஸ்டருக்குப் போகும் பெரியதை நசுக்கியதும்
சட்டென்று அடங்கியது,
செத்துப்போச்சு என்று செல்லாண்டி ஓடிவந்தான்.
விட்டாள், எகிறியது.
நசுக்கினாள், தணிந்தது.

"காத்து கள்ளத்தனமா கேறுந்நு, சேட்டா.
முன்வாசலை எத்தனை தடவை கழுவி என்ன?
பின்னால வர்ற காத்துக்கெல்லாம்
கம்ப்யூட்டர் பாவம், பெட்ரோல் ஊத்திக்கிட்டிருக்கு."

கிளாம்புக்கு அடியில், குழாய் வளையும் இடத்தில்
நகக்கண் அளவு வெடிப்பு.
நேராகப் பிடித்தால் தெரியாது,
மடக்கினால்தான் வாய் திறக்கும்.

நிமிர்ந்தேன்.
செக்போஸ்ட்டில் லாரி வரிசை, பில், சீல், கையெழுத்து.
அதற்குக் கீழே குறுக்குப்பாதையில்
தலைச்சுமையோடு ஒருவர்
எந்த மாநிலத்தின் கணக்கிலும் சேராமல்
நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார்.

குழாய் முந்நூற்று நாற்பது, கூலி இருநூறு.
சில்லறை எண்ணும்போதுதான் கை கொஞ்சம் ஆடியது.
மூன்று மாதம். வாரம் இரண்டு தடவை.
முதுகில் இருநூறு கிலோ இரும்பு,
நிறுத்தச் சொல்லி நான் மிதிக்க
போ போ என்று முன்னால் இருந்து இழுத்த இன்ஜின்,
அத்தனை கொண்டை ஊசிகள்.
பிரேக்குக்காகத்தான் அது கத்தியிருக்கிறது.
தராசில் அரை கிராம் பிசகினால் பிடித்துவிடுகிற நான்
என் கால் சொன்னதை
வயசு என்று எழுதி மூடிவிட்டேன்.

இறங்கினோம். மிதித்தால் நின்றது.
இரண்டாவது வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கையில்
"அண்ணே, ஓடுதா?" என்றான் செல்லாண்டி.
ஓடியது. அவ்வளவு மெதுவாக.

அந்த மௌனத்தில் முதல்முறையாகக் கேட்டது:
பின்னால் ஒரு எடைக்கல் நகர்ந்து
இன்னொன்றில் மோதும் சத்தம்.
அடுத்த வளைவிலும்.
இத்தனை நாளும் மோதிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

செல்லாண்டி சாக்கைச் செருகப் பின்னால் தாவினான்.
கற்களின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு
இரும்புத்தூள் ஒட்டிய விரலை
கண்ணாடியில் எனக்குத் தெரியும்படி உயர்த்தினான்.
எத்தனை கிராம் இருக்கும்?